சும்மா வந்த நாய்க்கு என்ன விலை?



போன மாதம் நம்ம ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பாலிடெக்னிக் முதலாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் என் பக்கத்தில் வந்தான். "அண்ணே, நீங்க நாய் வளர்த்தீங்கதானே? நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான்.

"மாசம் ஒரு இருநூறு வெள்ளி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவனும் சந்தோஷமாகப் போய்விட்டான். பகுதி நேர வேலை பார்க்கிறான், இருநூறு வெள்ளி அவனால் முடியும்.

ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. பொய் சொல்லவில்லை. கணக்கும் பெரிய தப்பில்லை. ஆனாலும் அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். அவன் படிப்பான் என்று நம்புகிறேன்.

முதலில் வெள்ளிக் கணக்கு

நாங்கள் இருப்பது காத்தோங் பக்கம், மரின் பரேடில் ஒரு வீவக வீடு. 2014ல் எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. அவர்களிடம் மூன்று வயது ஷீ சூ நாய் ஒன்று இருந்தது. பெயர் பிஸ்கட். கூட்டிப்போக முடியவில்லை, யாராவது எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். "நான்தான் நடக்கக் கூட்டிட்டுப் போவேன், நான்தான் குளிப்பாட்டுவேன்" என்று சத்தியம் செய்தேன். பாட்டி மட்டும், "பூஜை அறைப் பக்கம் வரக்கூடாது" என்று ஒரு நிபந்தனை போட்டார். பிஸ்கட் வீட்டுக்கு வந்தான். பாட்டி வாயில் அவன் பெயர் பிஸ்கோத்து ஆனது.

விலை பூஜ்யம். சும்மா வந்த நாய்.

போன வருஷம் பிஸ்கட் இறந்தான். சில வாரம் கழித்து, மனசு கேட்காமல், அம்மா சேர்த்து வைத்திருந்த ரசீதுகளை எடுத்து எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். எல்லா ரசீதும் இல்லை. இல்லாத இடத்தில் அம்மாவைக் கேட்டுத் தோராயமாக நிரப்பினேன்.

சாப்பாடு மாதம் 60 வெள்ளி, பதினொரு வருஷத்துக்கு 7,920. முடி வெட்டுவது, குளிப்பாட்டுவது வருஷத்துக்கு எட்டு முறை, மொத்தம் 4,840. தடுப்பூசி, உண்ணி மருந்து, வருடாந்தரப் பரிசோதனை 3,850. மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்தது இரண்டு முறை, 1,400. நாங்கள் ஊருக்குப் போன மூன்று முறையும் அவனைப் பராமரிப்பு இல்லத்தில் விட்ட செலவு 1,575. உரிமம் ஒன்றுதான் மலிவு. கருத்தடை செய்த நாய்க்கு இப்போது ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. கடைசி ஒன்றரை வருஷம் இதய நோய். மாத்திரை, ஸ்கேன், நள்ளிரவு அவசர சிகிச்சை, கடைசியில் தகனம் எல்லாம் சேர்த்து 7,270.

கூட்டினால் ஏறக்குறைய 27,000 வெள்ளி. ஊர்க் காசில் 17 லட்சம் ரூபாய்க்கு மேல்.

இன்ஜினியரிங்கில் எங்களுக்கு ஒரு வரைபடம் சொல்லித் தருவார்கள். ஒரு இயந்திரம் எந்தக் காலத்தில் அதிகமாகப் பழுதாகும் என்று வரைந்தால் அது குளியல் தொட்டி மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் பழுது அதிகம், நடுவில் பல காலம் சமமாக ஓடும், கடைசியில் மறுபடி ஏறும். நாய்ச் செலவும் அப்படித்தான். குட்டியாக வாங்கினால் தடுப்பூசி, கருத்தடை என்று முதல் வருஷம் ஏறும். நடுவில் சும்மா ஓடும். வயதானால் நிற்காமல் ஏறும். எங்கள் கணக்கில் கடைசி ஒன்றரை வருஷம் என்பது அவன் எங்களோடு இருந்த காலத்தில் ஏழில் ஒரு பங்கு. செலவிலோ கால் பங்குக்கு மேல். "மாசம் இருநூறு" என்பது மொத்தத்தை மாதங்களால் வகுத்தால் வரும் சராசரி. நாய் சராசரியாக நோய்வாய்ப்படாது. ஒரே ராத்திரியில் 1,200 வெள்ளி கேட்கும்.

கணக்கில் வராதது

வெள்ளியோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு நடை, ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம். பதினொரு வருஷத்துக்குப் பெருக்கினால் 3,300 மணி நேரத்துக்கு மேல். யார் நடந்தது? முதல் இரண்டு வருஷம் நான். பள்ளி விட்டு வந்ததும் சுரங்கப் பாதை வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு ஓடுவோம். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் சிசிஏ, டியூஷன். சாதாரண நிலைத் தேர்வு வந்தபோது காலை நடை அம்மாவுடையது ஆனது. தொடக்கக் கல்லூரியில் மாலை நடையும் போனது. பிறகு இரண்டு வருஷம் தேசிய சேவை. வார இறுதியில் வந்து பிஸ்கட்டைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துப் போடுவேன். நண்பர்கள் எல்லாம் "உன் நாய் சூப்பர்டா" என்பார்கள்.

என் நாய்தான். ஆனால் நடந்தது அம்மாவின் கால். அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு போவார். மின்தூக்கியில் கீழ் வீட்டு மலாய் மக்சிக் வந்தால், அவருக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று நாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பார். இதெல்லாம் ரசீதில் இல்லை. பதினொரு வயதில் நான் செய்த சத்தியத்தின் விலையை வேறொருவர் கட்டினார்.

நாய் வாங்கும்போது நாம் நம்மை நினைத்து வாங்குகிறோம். ஆனால் நாய் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கும். பதினெட்டு வயதில் வாங்கினால், அதன் கடைசிக் காலத்தில் உங்களுக்கு முப்பது. நடுவில் தேசிய சேவை, படிப்பு, வேலை, கல்யாணம், வெளிநாடு எல்லாம் வரும். அந்த முப்பது வயதுக்காரர் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியாது. தெரியாத அந்த ஆளின் பெயரில் நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள்.

பத்திரகிரியாரின் நாய்

இந்த இடத்தில் நம் சைவ மரபில் வரும் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். வீட்டில் பாட்டி சொல்லி நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள்.

அரசாட்சியைத் துறந்து பட்டினத்தாரின் சீடரானவர் பத்திரகிரியார். குருவும் சீடரும் திருவிடைமருதூர்க் கோயிலில் இருந்தார்கள். குரு கிழக்கு வாசலில், சீடர் மேற்கு வாசலில். பத்திரகிரியாரிடம் இருந்தது பிச்சை வாங்க ஒரு ஓடு மட்டும். அவர் போட்ட மிச்சச் சோற்றைத் தின்று ஒரு நாய் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் சிவபெருமானே ஏழை வடிவில் வந்து பட்டினத்தாரிடம் சோறு கேட்டார். "என்னிடம் ஒன்றும் இல்லை. மேற்கு வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள்" என்றார் பட்டினத்தார். அதைக் கேட்டுப் பத்திரகிரியார் துடித்துப்போனார். ஒரு ஓடும் ஒரு நாயும் என்னைச் சம்சாரி ஆக்கிவிட்டதே என்று ஓட்டைத் தூக்கி எறிந்தார். அது நாய் மேல் பட்டது. நாய் செத்துப்போனது.

"ஒரு நாய் வைத்திருந்தால்கூடப் பற்றுதான், பற்றை விடு" என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது கேட்டால் எனக்கு வேறொன்று தெரிகிறது. விடுதலை வேண்டும் என்று நினைத்தவர் அவர். அடி வாங்கியது நாய். அது அவரிடம் எந்தத் தத்துவமும் கேட்கவில்லை, சோறு போட்டார், தின்றது. கதையும் அங்கே முடியவில்லை. அந்த நாய் காசி அரசனின் மகளாகப் பிறந்து அவரைத் தேடி அதே கோயிலுக்கு வருகிறது. அதன் பிறகுதான் இருவருக்கும் முக்தி. எறிந்து உடைத்ததால் உறவு அறுந்துவிடவில்லை என்று கதையே சொல்கிறது.

பட்டினத்தார் சொன்னதில் தப்பே இல்லை. நாய் வைத்திருப்பவன் சம்சாரிதான். அவனுக்கு இன்னொரு வயிறு இருக்கிறது, இன்னொரு நோய் இருக்கிறது, ஊருக்குப் போக முடியாத தீபாவளி இருக்கிறது. நமக்கு அது அவமானமும் இல்லை, நாம் யாரும் துறவி இல்லையே. ஆனால் சோறு போட்ட பிறகு "நான் சம்சாரி இல்லை" என்று ஓட்டை எறிய முடியாது. யோசிக்க வேண்டிய நேரம் முதல் கவளம் போடுவதற்கு முன்னால்.

அம்மாவின் கேள்வி

பிஸ்கட்டுக்கு வந்தது மைட்ரல் வால்வு நோய். வயதான சின்ன நாய்களுக்கு அடிக்கடி வருவது. இதயத்தின் வால்வு சரியாக மூடாது, ரத்தம் பின்னால் கசியும், முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மாத்திரையால் தள்ளிப் போடலாம், குணப்படுத்த முடியாது. மருத்துவர் ஒரு வேலை கொடுத்தார். அவன் தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ண வேண்டும். முப்பதுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. தாண்டினால் கூப்பிடுங்கள் என்றார்.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி நோட்டில் எழுதுவார். நான் அதை வரைபடம் ஆக்குவேன். 24, 22, 26, 25. ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது.

ஒரு நாள் மருந்துக் கடை ரசீதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "இந்தக் காசுல ஊர்ல ஒரு பிள்ளைய வருஷம் முழுக்கப் படிக்க வைக்கலாம்." கோபத்தில் சொல்லவில்லை. அவரே போய் மருந்தும் வாங்கி வந்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மனுஷப் பிள்ளை ஒன்று பள்ளிக்குப் போகாமல் இருக்கும்போது நாய்க்கு மாதம் 190 வெள்ளி மாத்திரை தர்மமா?

இதற்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு. "நாய்க்குச் செலவழிக்காவிட்டால் அந்தக் காசு பிள்ளைக்கா போயிருக்கும்? காத்தோங் லக்சாவுக்கும் புது போனுக்கும்தான் போயிருக்கும்." உண்மைதான். ஆனால் அது கேள்வியிலிருந்து தப்பிப்பது. எனக்குக் கிடைத்த பதில் மகாபாரதத்தில் இருக்கிறது.

மகாபிரஸ்தானிக பர்வத்தில் பாண்டவர்கள் ஐவரும் திரௌபதியும் கடைசி யாத்திரை போகிறார்கள். ஏழாவதாக ஒரு நாய் கூடவே போகிறது. வழியில் திரௌபதி, சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். தர்மர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். கடைசியில் இந்திரன் தேரோடு வந்து, ஏறு, நாயை விட்டுவிடு என்கிறான். தர்மர் மறுக்கிறார். அப்போது இந்திரன் ஒரு நல்ல கேள்வி கேட்கிறான். தம்பிகளையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தவன் நீ, ஒரு நாயை விட முடியாதா? தர்மரின் பதிலின் சாரம் இது: அவர்கள் இறந்துவிட்டார்கள், அவர்களை எழுப்ப என்னால் முடியாது, உயிரோடு இருந்தபோது நான் யாரையும் கைவிடவில்லை. இந்த நாய் உயிரோடு இருக்கிறது, என்னை நம்பி வந்திருக்கிறது.

கவனியுங்கள். மனிதனைவிட நாய் உயர்ந்தது என்று தர்மர் சொல்லவில்லை. உலகத்தில் உள்ள எல்லா நாய்க்கும் சொர்க்கத்தில் இடம் கேட்கவும் இல்லை. என்னை நம்பி வந்த இதைக் கைவிட மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். அவர் பேசுவது இரக்கத்தைப் பற்றி அல்ல, ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பற்றி.

அம்மாவின் கேள்விக்கு என் பதில் அதுதான். நாயை எடுப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வி நூறு சதம் சரி. 27,000 வெள்ளியை வேறு எதற்குக் கொடுக்கலாம் என்று அப்போது யோசிக்கலாம், யோசிக்கவும் வேண்டும். எடுத்த பிறகு அது தானம் இல்லை, கடன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆயிரம் வெள்ளி கடன் பட்டிருக்கும்போது, "அதைவிட அனாதை இல்லத்துக்குக் கொடுப்பது புண்ணியம்" என்று சொல்லிக் கடனை அடைக்காமல் இருக்க முடியுமா? முதலில் கடன், பிறகுதான் தானம்.

காந்தியும் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வருகிறார். 1926ல் அகமதாபாத்தில் தெருநாய்கள் கொல்லப்பட்டது பெரிய சர்ச்சையானபோது 'யங் இந்தியா'வில் தொடர்ந்து எழுதினார். தெருநாய்க்கு ஒரு துண்டு வீசிவிட்டுப் போவதைக் கருணை என்று அவர் ஏற்கவில்லை. நாய்க்கு உண்மையில் உதவ நினைப்பவர் பொறுப்பேற்று வளர்க்கட்டும் என்பது அவர் வாதம். ஆசிரமத்துச் சாது இதைச் சொன்னார் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது சரி என்றே படுகிறது. சிவன் கோயிலில் வடகிழக்கு மூலையில் பைரவருக்கும் அவர் நாய்க்கும் மாலை போடுகிறோம். வெளியே வந்து உயிருள்ள நாயை "சூ" என்கிறோம். இல்லையென்றால் இன்ஸ்டாகிராமுக்காக ஒன்று வாங்கி, ஆறு மாதத்தில் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று தேடுகிறோம். இரண்டுமே ஒரே தப்புதான்.

நாய் கட்டிய விலை

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டமானது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, செமஸ்டர் நடுவில். ராத்திரி ஒரு மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். "ஐம்பத்தெட்டுடா" என்றார். மூச்சு எண்ணிக்கை. பிஸ்கட் படுக்க முடியாமல் முன்கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தான். பேருந்திலும் எம்ஆர்டியிலும் வழிகாட்டி நாயைத் தவிர மற்ற நாய்களுக்கு இடமில்லை. அந்த நேரத்தில் அதுவும் ஓடாது. செல்லப்பிராணி ஏற்றும் வாடகை வண்டி வர இருபது நிமிஷம் ஆனது. அவசர சிகிச்சையில் ஆக்ஸிஜன் பெட்டிக்குள் வைத்தார்கள். காலையில் மருத்துவர் நேரடியாகவே பேசினார். இப்போது மீட்டுவிட்டோம், மறுபடி வரும், சில வாரங்களில் வரும், அடுத்த முறை இதைவிட மோசமாக இருக்கும், இப்போதே அமைதியாக அனுப்பிவைப்பதையும் நீங்கள் யோசிக்கலாம்.

அப்பா என்னைப் பார்த்தார். "உன் நாய். நீ சொல்லு."

"வேணாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றேன். அஹிம்சை என்று சொன்னேன். உயிரை எடுக்க நாம் யார் என்று சொன்னேன். வகுப்பில் கற்றதெல்லாம் அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது.

அதன் பிறகு மூன்று வாரம். பிஸ்கட் சரியாகத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியே தலை தொங்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையால் வீடெல்லாம் நனைத்துவிட்டு வெட்கப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் நிற்பான். பூஜை அறைப் பக்கம் வரக்கூடாது என்ற பாட்டிதான் கடைசி வாரம் அவனைத் தன் கட்டில் பக்கத்தில் படுக்க வைத்து, திருநீறு பூசி, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை மூச்சு முட்டியபோது, மறுபடி ஆக்ஸிஜன் பெட்டிக்கு ஓடலாம் என்று நான் போனை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "போதும்டா. இவ்வளவு நாளா அவனுக்காகவா வச்சிருந்தோம்? உனக்காகத்தான் வச்சிருந்தோம்."

அன்று காலை அவனை அனுப்பிவைத்தோம். அம்மா மடியில்தான் போனான்.

அம்மா சொன்னது உண்மை. முதல் முறை நான் "வேணாம்" என்றது அஹிம்சைக்காக இல்லை. கொன்றேன் என்ற பாரத்தைச் சுமக்க எனக்குப் பயம். நடைக்குக் கூட்டிப்போகாத அத்தனை வருஷத்தின் குற்ற உணர்வு வேறு. அந்தப் பாரத்தை நான் இறக்கி வைத்தது அவன் நெஞ்சின் மேல். பத்திரகிரியார் விடுதலைக்காக எறிந்த ஓடு நாய் மேல் விழுந்த மாதிரி, என் நல்லவன் வேஷமும் நாய் மேல்தான் விழுந்தது. அந்த மூன்று வாரம் என் எக்ஸெல்லில் எந்த வரிசையிலும் இல்லை. அந்த விலையைக் கட்டியது பிஸ்கட்.

1928ல் சபர்மதி ஆசிரமத்தில் குணமாகாத வேதனையில் கிடந்த ஒரு கன்றுக்கு ஊசி போட்டு முடித்துவைக்க காந்தி சம்மதித்தார். அஹிம்சை பேசும் காந்தியா இப்படி என்று கடுமையான கடிதங்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை. எல்லா நேரமும் உயிரை எடுப்பது மட்டும்தான் ஹிம்சை என்று அவர் நினைக்கவில்லை. நம் பெரியவர்களில் பலர் இதை ஏற்க மாட்டார்கள், கர்ம வினையை அந்த உயிர் அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும் என்பார்கள். அவர்களைத் தவறு என்று சொல்ல எனக்கு வயசும் அறிவும் போதாது. ஆனால் ஒன்று கேட்பேன். அனுபவிக்கட்டும் என்று விடுகிறவர், ஆக்ஸிஜனும் ஊசியும் கொடுத்து அந்த அனுபவத்தை நீட்டவும் கூடாதல்லவா? நான் செய்தது அதுதான். இயற்கையாகப் போகவும் விடவில்லை, வலியில்லாமல் அனுப்பவும் இல்லை.

இன்று எனக்குப் புரிவது இதுதான். நாயிடம் நமக்கு இரண்டு கடன் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. அதன் வலியைக் குறைப்பது முதல் கடன். அதற்குச் சாக்கு கிடையாது. காசில்லை என்றால் கடன் வாங்கியாவது செய்ய வேண்டும். அதன் ஆயுளை நீட்டுவது இரண்டாவது. அது நம் சக்தியையும், வீட்டில் மற்றவர்களுக்கு நாம் செய்ய வேண்டியதையும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நாய்க்கு அதனால் நன்மை உண்டா என்பதையும் பார்த்துச் செய்ய வேண்டியது. 6,000 வெள்ளி அறுவை சிகிச்சை செய்ய முடியாத குடும்பம் பாவம் செய்த குடும்பம் இல்லை. வலி மாத்திரைகூட வாங்காமல் மூலையில் போட்டு வைத்தால், அது பாவம்.

தம்பிக்கு

சரி தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன்.

நாய் வாங்காதே என்று சொல்லவில்லை. பிஸ்கட் எங்கள் வீட்டுக்குக் கொடுத்ததை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். அப்பாவுக்கு வேலை போன வருஷம், அவர் தினமும் வீட்டை விட்டு வெளியே போனதே அவனுக்காகத்தான். ஆனால் வாங்குவதற்கு முன் சில வேலை செய்.

வீவக விதிகளைப் பார். ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சின்ன இனங்கள்தான். கடைக்குப் போவதற்கு முன், அடோர் திட்டத்தில் மறுவாழ்வு தேடும் உள்ளூர்க் கலப்பின நாய்களைப் பற்றி விசாரி. 2012ல் ஆரம்பித்த திட்டம் அது. வீவக வீட்டிலும் அந்த நாய்களை வளர்க்க வழி செய்தது. பிறகு மூன்று மாதம், தினமும் காலை ஆறரைக்கு எழுந்து, நாயே இல்லாமல், அரை மணி நேரம் நட. மழை பெய்தாலும், தேர்வு இருந்தாலும். மாதம் 200 வெள்ளியைத் தனியாக எடுத்து வை, அதற்கு மேல் அவசரத்துக்கு 3,000 வெள்ளி சேர்க்க முடியுமா பார். மூன்று மாதம் தாண்டினால் வா, பேசலாம்.

இன்னொன்று. உன் அம்மாவிடம் கேள். "வாங்கலாமா?" என்று கேட்காதே, நம் அம்மாக்கள் சரி என்றுதான் சொல்வார்கள். "நான் தேசிய சேவைக்குப் போனால் யார் நடப்பார்கள்?" என்று கேள். அவர் முகத்தைப் பார்.

போன வாரம் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்கு அம்மாவோடு போய்த் திரும்பும்போது, ஜூ சியட் பக்கம் ஒரு கடைவீட்டு வாசலில் ஷீ சூ நாய் ஒன்று படுத்திருந்தது. அம்மா நின்றுவிட்டார். அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் கழித்து, "இருபத்தி ரெண்டு. நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"இன்னொண்ணு எடுக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"நீ சம்பாதிச்சு, உன் வீட்டுக்குப் போய், நீ நடக்கிற அன்னைக்கு எடு" என்றார்.

அந்த நாள் வரும்வரை நான் எடுக்கப் போவதில்லை.